காதில் பஞ்சு வைத்த அக்கா

அக்கா அலுவலகத்துக்கு வரும்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். அருமனையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு இன்னொரு பஸ். இரண்டிலும் பாட்டு, ஹாரன், கண்டக்டரின் விசில், பக்கத்து சீட்டுக்காரியின் மருமகள் புராணம். இத்தனையும் காதுக்குள் போய்விட்டால் பத்து மணிக்கு மேல் வேலைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது அவரது கட்சி. மாடி ஏறி, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, சின்னதாக ஒரு ஜெபம் சொல்லி, அதன் பிறகுதான் பஞ்சை எடுப்பார். எடுத்ததைப் பழைய தைல டப்பாவில் போட்டு மூடுவார். அதற்கு முன்னால் நாங்கள் சொல்லும் வணக்கம் எதுவும் செல்லாது.

எங்கள் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது பெரும்பாடு. நான் ஏதோ ரேடியோவில் வேலை பார்த்ததாகத்தான் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் நடந்தது இதுதான். எங்கோ ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுவார்கள். மேஜையில் ஒரு போன், ஜன்னலில் ஒரு போன், ஒருவர் சட்டைப்பையில் ஒரு போன் என்று ஐந்தாறு போன்கள் அந்தப் பேச்சைப் பதிவு செய்யும். பேச்சு ஒன்று, பதிவு ஆறு. அவை எல்லாம் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்த எங்களிடம் வந்து சேரும். யார், எப்போது, என்ன பேசினார்கள் என்று நாங்கள் பிரித்து எழுதித் தர வேண்டும். அதைப் படித்து இயந்திரம் கற்றுக்கொள்ளுமாம்.

ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசினால் இது குழந்தை வேலை. மனிதர்கள் அப்படியா பேசுகிறார்கள்? ஒருவர் பாதியில் இருக்கும்போதே இன்னொருவர் ஆரம்பிப்பார். மூன்றாமவர் சிரிப்பார். நான்காமவர் "அதில்ல, அதில்ல" என்று தொடங்கி அந்த ‘அதில்ல’வோடு நின்றுவிடுவார். நாலு குரல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் இடத்துக்கு அக்கா வைத்த பெயர் அவியல். எங்களில் யாராவது ஹெட்போனைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டால் அவருக்குப் புரிந்துவிடும்.

"நல்ல அவியலா மக்கா? இஞ்ச தள்ளு."

கோப்பு அவர் திரைக்குப் போகும். அரைமணி நேரத்தில் காய் காயாகப் பிரிந்து திரும்பி வரும்.

நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு பதிவில் தடித்த குரல்காரர் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, அடியில் ஒரு பெண் ஏதோ முனகினாள். சரியாகக் கேட்கவில்லை. இடத்தைப் பார்த்து, இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று நானாக ஒரு வரி எழுதி வைத்தேன். அழகான வரி. அக்கா சரிபார்க்கும்போது நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

"இது அவ பறஞ்சதா, நீ பறஞ்சதா?"

"அவங்கதான்க்கா. ஏறக்குறைய."

"ஏறக்குறைய எல்லாம் ஜோசியக்காரனுக்க வேலை. கேக்கலேன்னா கேக்கலேன்னு எழுது. அடுத்தவளுக்க வாயில உனக்க சோத்தை உருட்டி வைக்கப்படாது."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது ஒன்றும் அதிசயமில்லை, அது பிறவிக் குணம். ஆனால் அதை வெளியே காட்டாமல் மனதுக்குள்ளேயே நாலு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்வேன். அந்தக் கலையில் நான் தேர்ந்தவன் என்று அப்போது நம்பியிருந்தேன்.

அக்காவுக்கு இந்த வித்தை வந்தது வீட்டிலிருந்து. கணவர் வளைகுடாவில். வீட்டில் மாமியார், கல்யாணம் ஆகாத நாத்தனார் ஒருத்தி, கல்யாணம் ஆகியும் போகாத நாத்தனார் ஒருத்தி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கணவர் வீடியோவில் வருவார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர் அங்கே "ம்" என்பார். எதற்கு "ம்" என்று அவருக்கும் தெரியாது. பேச்சு முடிந்ததும் அக்கா அவருக்குத் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்புவார். "அம்மை முட்டுவலி கூடிப்போச்சுன்னு பறஞ்சினு. மூத்தவ, சித்திரைக்கு வாறியளான்னு கேட்டா. இளையவ, நீங்க மெலிஞ்சிட்டீங்கன்னு சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல."

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னபோது நாங்களும் சிரித்தோம். பிறகு டிபன் பாக்ஸைக் கழுவும்போது எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும் ஒருமாதிரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவரால் பாட முடியாது என்பார். சபையில் ஒரு பெரியவர் எந்தப் பாட்டானாலும் அரை வரி பிந்தித்தான் பாடுவாராம். எல்லோரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் அவருக்கு ஒரு வரி பாக்கி இருக்கும். "அவரை அப்பிடியே பிடிச்சு முன்னால இழுத்து ஒட்டணும்னு எனக்க கை துறுதுறுங்கும் மக்கா. ஆண்டவர் மன்னிக்கட்டு." எங்கள் வேலையில் அதுதான் முதல் படி. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு நொடியில் பதிவைத் தொடங்கியிருக்கும். எல்லாவற்றையும் இழுத்து ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். அதற்கு எல்லாப் போனிலும் விழுந்த ஒரு பொதுச் சத்தம் வேண்டும். கைதட்டல், கதவு அடிப்பது, ஏதாவது.

பஸ்ஸில் ஒருமுறை நானும் கூட இருந்தேன். ஒரு பெண்ணும் கண்டக்டரும் பயங்கரச் சண்டை. அக்கா பஞ்சை எடுத்து இரண்டு நிமிஷம் கேட்டார். எழுந்து நின்றார்.

"நில்லுங்க. அம்மா, நீங்க குலசேகரத்துல இறங்கணும்னு சொல்லுகீங்க. தம்பி, நீங்க குலசேகரத்துல நிக்கும்னு சொல்லுகீங்க. ரெண்டுபேரும் ஒரே காரியத்தைத்தான் பறையுதீங்க. பிறகு என்னத்துக்கு சண்டை?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒன்று சேர்ந்து அக்காமீது பாய்ந்தார்கள். அக்கா பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். நானும் இறங்க வேண்டியதாயிற்று.

மேலதிகாரி மாதம் ஒருமுறை திரையில் தோன்றுவார். அவர் பேசும்போது வேறு யார் பேசினாலும் அவர் காதில் விழாது. ஒருதடவை எங்கள் கூட்டத்திலேயே சத்தம் குறைந்த ஒரு பெண் நாற்காலி பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதன்மேலேயே ஏறிப் பேசிக்கொண்டு போனார். அக்கா கையைத் தூக்கினார். "சார், நீங்க பேசியப்ப அடியில ஒரு குரல் போச்சு. அதையும் கேட்டிருங்க." மறுமாதம் புது நாற்காலிகள் வந்தன. அந்தப் பெண் அக்காவுக்குப் பழ பஜ்ஜி வாங்கித் தந்தாள். நாங்களும் சாப்பிட்டோம்.

இப்படி ஊர்ப் பேச்சையெல்லாம் பிரித்து வைத்த அக்காவிடம் என் வீட்டுப் பேச்சைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய நாள் ஒன்று வந்தது.

எங்கள் வீடு கொட்டாரத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு வயலும் வாழையும். அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. என் குரலும் அவர் குரலும் ஒன்றுபோல இருக்கும். போனில் நான் "ஹலோ" என்றால் அண்ணாச்சி என்று ஆரம்பித்து உர விலை கேட்பார்கள். தங்கச்சிக்குத் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு வேளாண்மைத் துறையில் வேலை. ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, பேசி முடிக்கப் பையன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையனின் அம்மா, பெரியப்பா, தரகர், இன்னும் நாலைந்து பேர். பேசி முடிக்கப் பையன் வருவது முறையில்லை என்று அவன் வரவில்லை.

பெரியப்பா கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் போனை எடுத்துப் பதிவைத் தட்டி, தாம்பாளத்துப் பக்கத்தில் வைத்தார். "பேச்சுன்னா பேச்சா இருக்கணும். பிறகு மாத்திப் பேசப்படாது, பாத்துக்கிடுங்க."

என் தாய்மாமன் சும்மா இருப்பாரா? அவரும் தன் போனை எடுத்து வைத்தார். அதைப் பார்த்துத் தரகர் தன்னுடையதை வைத்தார். பையனின் அம்மா தன் போனை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நான் என்னுடையதை அடுக்களை வாசல் பக்கம் ஸ்டூலில் வைத்தேன். கல்யாணம் பேசும் கூடம் எங்கள் அலுவலகக் கோப்பு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு மணி நேரப் பேச்சு. கல்யாணம் மண்டபத்திலா கோயிலிலா, பாயசம் இரண்டா மூன்றா, சமையல் யார் பக்கத்து ஆள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நடுவில் தரகர் எழும்பியபோது கால் பட்டுத் தாம்பாளம் கவிழ்ந்து பாக்கும் பழமும் உருண்டன. பெரிய சத்தம். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது, சகுனம் சரியில்லை என்று. அது அடங்குவதற்குள் பெரியப்பா விசாரணையைத் தொடங்கினார். பிள்ளை கண்ணாடி போட்டிருக்கிறாளே, இரண்டு கண்ணுக்கும் ஒரே பவரா? குதிகால் வெடிப்பு உண்டா? கடைசியாக ஒன்று கேட்டார்.

"பல்லு எல்லாம் சொந்தப் பல்லுதானே?"

கூடத்தில் மறுபடி கூச்சல். அதற்கு நடுவில் பையனின் அம்மா படக்கென்று எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "பெண்ணு பாக்க வந்தியளா, மாடு பிடிக்க வந்தியளான்னா கேக்கீரு? வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

மறுநாள் தரகர் செய்தி கொண்டுவந்தார். பெண்ணின் அப்பா அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் இத்தோடு சரி.

அப்பா சொன்னதையே சொன்னார். "நான் சொல்லல. சுசீந்திரம் கோயில்ல வந்து சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுகேன். நான் சொல்லல."

"சொல்லலன்னா சொல்லலன்னு இருங்க," என்றாள் அம்மா. "அடுக்களையில நின்ன எனக்கே கேட்டுது. உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

வீட்டில் யாரும் அப்பாவை நம்பவில்லை. நானும்தான். ஏனென்றால் பல் விசாரணை நடந்தபோது அதே வாக்கியம் அச்சுப் பிசகாமல் என் மனதுக்குள்ளும் ஓடியது. நான் நினைத்ததை அப்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டாரே என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. சொல்லிவிட்டு இல்லையென்று சாதிக்கிறாரே என்பதுதான் வருத்தம்.

தங்கச்சி ஒருவாரமாக யாரிடமும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும் போடுவதுமாக இருந்தாள். ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் சொன்னாள். "அண்ணா, எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்கு. என்னட்ட யாரும் கேக்கல. உன்னட்டயாவது சொல்லி வைக்கேன்." சொல்லிவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அன்றைக்குத்தான் அக்காவின் நினைவு வந்தது. மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். அக்கா முழுதும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "தாம்பாளம் விழுந்த சத்தம் எல்லாப் போன்லயும் உண்டா?"

"உண்டுக்கா. அதை வச்சுத்தான் அம்மா சகுனம் சரியில்லைன்னு அழுதுட்டிருக்கா."

"சகுனமா? அது ஆண்டவர் அடிச்ச மணியில்லா! அஞ்சு போன்ல உள்ள பதிவும் வாங்கிட்டு வா. ஆனா போனுக்கு உரியவங்க சம்மதிச்சுத் தரணும். களவுச் சோலி வேண்டாம்."

பையன் வீட்டார் தர மாட்டார்கள் என்று நினைத்தேன். உடனே தரகர் வழியாக அனுப்பிவைத்தார்கள். பெரியப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. "எனக்க போன்லயே தெளிவாக் கேக்குது, அது அவரு குரல்தான்" என்றாராம். இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். "போன் வச்சவனுக்கு நன்றியுள்ளது மக்கா. பக்கத்துல உள்ளவன் சத்தத்தைத்தான் பெருசாக் காட்டும். ஒத்தப் போனை நம்பி ஒருத்தனையும் தூக்குல போடப்படாது."

வேலை தொடங்குவதற்கு முன்னால் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, ஒருவேளை அது அப்பா குரல்தான்னு வந்துட்டா, அந்த எடத்தை மட்டும் கொஞ்சம்..."

"கொஞ்சம்?"

"மாத்திரலாமா?"

அக்கா பஞ்சு இருந்த தைல டப்பாவைத் திறந்து டப்பென்று மூடினார். அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளைகள் அதற்குப் போயின. ஒரு கையில் தயிர்ச்சோறு, ஒரு கையில் மவுஸ். நான்காம் நாள் அச்செடுத்த தாள்களைத் தந்தார். எங்கள் அலுவலக முறைப்படி பேச்சாளர் ஒன்று, பேச்சாளர் இரண்டு என்று பன்னிரண்டு பேர். யாருடைய பெயரும் கிடையாது. பேச்சாளர் ஒன்று பெரியப்பா என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. பேச்சாளர் மூன்று அப்பா. பல் விசாரணைப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ‘பெண்ணு பாக்க வந்தியளா, மாடு பிடிக்க வந்தியளா’ என்ற வரிக்கு எதிரே மூன்று இல்லை. ஒன்பது.

எனக்குச் சந்தோஷமும் கோபமும் சேர்ந்து வந்தன. "பாத்தீங்களாக்கா? அப்பா இல்ல! யாருக்கா இந்த ஒன்பது? எவன் இவன்? இவனாலதானே எங்க வீடே இப்படிக் கிடக்கு? ஆளு மட்டும் தெரிஞ்சா..."

"ஒன்பது இப்ப எனக்க எடதுபக்கம் நின்னு கத்துதான்," என்றார் அக்கா.

இடதுபக்கம் திரும்பிப் பார்த்தேன். என் இடதுபக்கம். அங்கே தண்ணீர்க் கேன்தான் இருந்தது. பிறகுதான் அவருடைய இடதுபக்கம் எது என்று உறைத்தது.

"நானா? அக்கா, நான் அதை மனசுக்குள்ளதான் சொன்னேன்!"

"மனசுக்குள்ள சொன்னது அஞ்சு போன்ல பதிவாகுமா?" ஹெட்போனை என் தலையில் மாட்டினார். "உனக்க மனசு ரொம்பச் சத்தம் மக்கா. ரெண்டு வருசமா நான் கேட்டுட்டுதான் இருக்கேன். என்னைப் பத்தி நீ மனசுக்குள்ள சொன்னதெல்லாமும் கேட்டிருக்கேன்."

என் காதில் என் குரல் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு, தெள்ளத் தெளிவாக, ஒரு வார்த்தை குறையாமல். பிறந்ததிலிருந்து மனதுக்குள் யார் யாரை என்னென்ன சொன்னேன் என்று ஒரு நிமிஷத்தில் நினைத்துப் பார்த்தேன். நல்லவேளை, எல்லாம் நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, என் குரலை மட்டும் அதுலருந்து எடுத்திர முடியாதா?"

"முடியும். ஒரு நிமிச சோலி." அக்கா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆனா நீ எழும்பிப் போனா அந்த எடத்துல உனக்க அப்பா வந்து உக்காருவாரு. பரவாயில்லியா?"

நான் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் தோவாளைக்குப் போனோம். அப்பா, அம்மா, தாய்மாமன், நான். அப்பாவிடம் விஷயத்தைக் காரில் வைத்துச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அதற்கு நாலு அடி அடித்திருக்கலாம். அக்கா எங்களுக்கு முன்னாலேயே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார். காதில் பஞ்சு, தோளில் லேப்டாப் பை. அம்மா அவரை ரேடியோவில் வேலை பார்க்கும் அம்மா என்று அறிமுகம் செய்துவைத்தாள்.

பையன் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கைகூப்பினேன். அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான், அப்பா இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பையனின் அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளா? அப்பாவுக்காகப் பழியைத் தன்மேல ஏத்துக்கிடுகான். எப்பேர்ப்பட்ட பிள்ளை!"

பெரியப்பா தலையாட்டினார். "பிள்ளைக்கு இருக்க குணம் பெத்தவருக்கு இல்லாமப் போச்சே."

சொன்னது நான்தான் என்று மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல என் பெருமை ஏறியது, அப்பாவின் மானம் இறங்கியது. தாய்மாமனே என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்பா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திரும்பி, மூலையில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தேன்.

அக்கா பஞ்சை எடுத்தார். லேப்டாப்பைத் திறந்து சின்ன ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தார். "அம்மா, ஒரு சந்தேகம். ஒரு மனுசன் ஒரே நேரத்துல ரெண்டு காரியம் பேச முடியுமா?"

"எங்க வீட்ல பிள்ளைக்க பெரியப்பா பேசுவாரு," என்றாள் பையனின் அம்மா. பெரியப்பா இருமினார்.

"மத்தவங்க முடியாதுல்லா? அப்போ இதைக் கேளுங்க." முதலில் தாம்பாளம் விழும் சத்தம். "இது அஞ்சு போன்லயும் ஒண்ணுபோல விழுந்திருக்கு. இதை வச்சு அஞ்சையும் ஒரே வரியில நிறுத்தியாச்சு. இனி அந்த வார்த்தை. அடுக்களை வாசல்ல இருந்த போன்லதான் அது பெருசா, ஒரு துளி முன்னால விழுது. அங்க யாரு நின்னது?"

"இவன்தான்," என்றார் தரகர்.

"செரி. இப்போ அதே நொடியில, தாம்பாளத்துக்குப் பக்கத்துல இருந்த போன்ல, அடியில ஒரு குரல் கிடக்குது. மேல உள்ளதையெல்லாம் ஒதுக்கிட்டு அதை மட்டும் வைக்கேன்."

ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது. தயங்கித் தயங்கி, மெதுவாக.

"எனக்க மகள்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அதோடு நின்றுவிட்டது. அக்கா இரண்டு குரலையும் சேர்த்து ஒருமுறை வைத்தார். மாடு பிடிக்க வந்தியளா என்று மேலே நான், மகளிடம் ஒரு வார்த்தை என்று கீழே அப்பா. ஒரே நொடி.

"இதை அவரு அன்னைக்கு நாலு தடவை ஆரம்பிச்சிருக்காரு," என்றார் அக்கா. "ஒண்ணையும் யாரும் முடிக்க விடல. வேணும்னா நாலையும் வைக்கேன்."

வைத்தார். முதல் தடவை அப்பாவின்மேல் பெரியப்பா ஏறினார், மண்டபம் பற்றி. இரண்டாம் தடவை தாய்மாமன், மூன்றாவது பாயசம் கட்டாயம் என்று. மூன்றாம் தடவை அம்மா. "காப்பி ஆறிப் போகுது, எல்லாரும் முதல்ல குடிங்க!" நான்காம் தடவை நான்.

என் அப்பா இருபத்தேழு வருஷமாக என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார். அவர் குரலைத் தனியாக நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன். மனதுக்குள் ஒன்றும் சொல்லாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

பையனின் அம்மா எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். "பிள்ளைட்ட கேக்கணும்னு சொன்ன மனுசனையா நான் அப்படிப் பேசினேன்? மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி." அப்பா பதறி எழுந்து ஏதோ சொல்லப் போனார். பெரியப்பா அதற்குள் "ஆனாலும் நான் என்ன சொல்லுகேன்னா" என்று தொடங்கினார். அவர் பக்கம் அக்கா ஒரு விரலை மட்டும் தூக்கினார். கிராமம் முழுதையும் அதட்டி வைத்திருந்தவர் அந்த ஒற்றை விரலுக்கு அடங்கிப்போனார்.

பையனின் அம்மா போனை எடுத்துத் தங்கச்சிக்கு வீடியோவில் கூப்பிட்டாள். "ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது. பிள்ளை பேசட்டும். மக்களே, எங்க பையனைக் கட்டிக்கிட உனக்குச் சம்மதமா?"

கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொள்வது மட்டும் திரையில் தெரிந்தது. பிறகு தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"சம்மதம் அத்தை. பல்லெல்லாம் சொந்தப் பல்லுதான்."

கூடமே வெடித்துச் சிரித்தது. பெரியப்பா மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். மண்டபம், கோயில், பாயசம், தேதி. அக்கா லேப்டாப்பை மூடிவிட்டு நிதானமாகக் காப்பி குடித்தார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள். "மகள்ட்ட கேக்கணும்னு நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த ரெண்டு வாரப் பாடு நமக்கு உண்டா?"

அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சொன்னேன். அஞ்சு போனுக்கும் கேட்டிருக்கு."